காலையில் மட்டும் வரும் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கேட்டது. காரில் சாவியைத் திருப்பியதும் கடகடவென்று, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல. தெருமுனை திரும்புவதற்குள் அடங்கிவிட்டது. லேபில் பல் செட்டுக்கு மெருகு போடும்போதும் அதே நினைப்பு.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கீழே இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பினார். குழந்தை தூங்குவதுபோல ஓடியது சனியன்.

"எங்க சத்தம்?"

"காலையில கேட்டுச்சுங்க."

"நாள் பூரா பல்லை ராவுற மெஷின் பக்கத்துல உட்கார்ந்தா கேக்காதா பின்ன?"

மார்ச் 7, வெள்ளி

பட்டறைக்கு ஓட்டிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் சத்தம் போன இடம் தெரியவில்லை. பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து அங்கே இங்கே தட்டினார். "ஒண்ணும் இல்லம்மா. பயந்து பயந்து ஓட்டினா எல்லாம்தான் கேக்கும்."

நானா பயந்து ஓட்டுகிறேன்? இந்த வீட்டில் முதலில் லைசென்ஸ் எடுத்தவளே நான்தான்.

மார்ச் 9, ஞாயிறு

அவருடைய ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். "அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு இவங்களுக்குச் செஞ்சு காட்டு" என்றார். ஒருவர் வண்டி விஷயம் தெரிந்தவராம். நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நினைத்து, கையில் கரண்டியோடு நின்றபடி, கட கட கட என்று செய்து காட்டினேன். இன்னும் கொஞ்சம் சத்தமா என்றார்கள். செய்தேன். அப்புறம்தான் என் வீட்டுக்காரர் போனில் படம் பிடிப்பதைப் பார்த்தேன். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. என் பெயர் இனிமேல் ரேடியோவாம்.

அவருடைய தங்கை மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 10, திங்கள்

நான் கூப்பிட்டால் அவர் போனில் என் கட கட கட ஒலிக்கிறது. ஆபீஸ் முழுக்கக் கேட்டாயிற்றாம்.

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸை விட்டுவிட்டதால் சின்னவள் – அவருடைய தங்கையை நான் அப்படித்தான் கூப்பிடுவது – என்னோடு வண்டியில் வந்தாள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையை இன்று சீக்கிரம் திறக்க வேண்டிய முறை அவளுக்கு. சாவியைத் திருப்பினேன். அவள் டாஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, கேக்குது. நல்லாவே கேக்குது."

தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். "ஐயோ அண்ணி, வண்டிக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று அவளே கண்ணைத் துடைத்துவிட்டாள்.

சாப்பிடும்போது அண்ணனிடமும் அதைச் சொன்னாள். "உனக்கும் தொத்திக்கிச்சா?" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

காது டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். என் காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

"அப்ப கோளாறு காதுல இல்ல டாக்டர், அதுக்கு மேல" என்று என் உச்சந்தலையில் தட்டினார் இவர். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 17, திங்கள்

ஒருவேளை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ. சின்னவள் என்மேல் பரிதாபப்பட்டுச் சொல்லியிருப்பாளோ.

மார்ச் 20, வியாழன்

பிடிபட்டுவிட்டது! இரவெல்லாம் நின்று ஆறிப்போன என்ஜினைக் கிளப்பினால்தான் வருகிறது. அவர் சோதிப்பதெல்லாம் நான் ஓட்டி வந்து நிறுத்திய சூட்டில். பட்டறைக்கும் சூடேறித்தான் போகிறது. அப்புறம் எப்படிக் கேட்கும்?

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். ஒரே ஒரு நாள் நான் கிளம்பும்போது எழுந்து வாருங்கள் என்று கெஞ்சினேன். ரிமோட்டைச் சுவரில் எறிந்தார்.

"இனிமே இந்த வீட்டுல வண்டிச் சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துச்சுன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு உங்கப்பன் வீட்டுக்குப் போ. என் தங்கச்சியையும் பைத்தியமாக்காத."

சரிங்க என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவர் வெளியூர் போயிருக்கிறார். நேற்றே வண்டியைப் பட்டறையில் விட்டுவந்தேன். இன்று காலை கடை திறக்கும்போது போய் நின்று, "இப்போ கிளப்புங்க" என்றேன். பட்டறைக்காரர் கிளப்பினார். உடனே அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டைமிங் செயின்மா. அதை இறுக்கிப் பிடிக்கிற சாமான் தேஞ்சுபோச்சு. ஆயில் மேல ஏறுற வரைக்கும் செயின் தொளதொளன்னு ஆடுது. ஓடும்போது அறுந்துச்சுன்னா வண்டி நின்ன இடத்துல நிக்கும். இங்க நிறுத்த இடமில்ல, மெதுவா வீட்டுக்கு ஓட்டிப் போய் நிறுத்துங்க. சாமான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

எனக்குச் சந்தோஷம்! செயின் அறுந்துபோகும் என்கிறார், நான் பாட்டுப் பாடாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 26, புதன்

அவர் வந்துவிட்டார். நாளைக்கு வண்டி வேண்டுமாம், என்னைப் பஸ்ஸில் போகச் சொன்னார். சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக.

"என்ன ரேடியோ, நியூஸ் எதுவும் உண்டா?"

பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

நடுரோட்டில் நிற்கட்டும். வெயிலில் இறங்கித் தள்ளட்டும். நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவுதானா?

மார்ச் 27, வியாழன்

மேம்பாலத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் மோதிவிட்டது. அவருக்கு நெற்றியில் நாலு தையல்.

பின் சீட்டில் சின்னவள். வழியில் பஸ்ஸுக்கு நின்றவளைப் பார்த்து ஏற்றிக்கொண்டாராம். கடவுளே, அவளை எதுக்கு ஏத்தினீங்க, அவளை எதுக்கு

மார்ச் 30, ஞாயிறு

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

கண் விழித்தவள் முதலில் என்னைத்தான் கேட்டாளாம். "நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே அண்ணி. நாங்க யாரும் கேக்கலையே" என்றாள். அவள் கேட்டாள், அவள் ஒருத்திதான் கேட்டாள். தலையணையைச் சரிசெய்தேன்.

வராந்தாவில் அவர் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். "கிளப்பும்போதே எனக்கும் கேட்டுச்சு. நான்தான் அவ காலை எடுத்துட்டேன்." தோளில் கை வைத்தேன். அழட்டும் என்றும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நொறுங்கிய வண்டியை என்ன செய்வது என்று கேட்க அவர் பட்டறைக்குப் போனார். நான் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கை கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். கத்தினாலாவது தேவலை.

"அன்னிக்கே சொல்லிட்டாராமே உங்கிட்ட" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "யாரும் தொடக்கூடாதுன்னு."

அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.

"பயப்படாத. சின்னவகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்."

அழுகை முகம் போய்விட்டது அவருக்கு. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே 5, திங்கள்

லேபில் சொல்லிவிட்டு வந்தேன். இனி வேலைக்கு வரமாட்டேன் என்று. முடிக்காமல் கிடந்த பல் செட்டை இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டார்கள், வீட்டில் ஆள் வேண்டும் என்றேன். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தான். கொஞ்ச நாளாகவே என்ன சொன்னாலும் மெதுவாகத்தான் சொல்கிறார், எனக்கும் இரண்டாவது தடவை சொல்லத் தேவைப்படுவதில்லை.

சின்னவளுக்குக் கட்டு மாற்றும்போது அவர் வாசற்படியில் சாய்ந்துகொண்டு சொன்னார், "உங்க அண்ணி வேலைய விட்டுட்டா, தெரியுமா? இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா?"

அவள் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காகவா அண்ணி?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.