உன்னோடை வரேல்லை

யதுர்சனா,

யூனிவர்சிற்றி முதல்நாள் ஓரியன்டேஷனுக்கு நானும் அப்பாவும் உன்னோடை வரக்கூடாது எண்டு நேற்றுச் சொன்னாய். சரி, உன்னோடை வரேல்லை. இண்டைக்குத் திங்கள், ஏழரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதாலை நாங்கள் அதுக்கு முதலே யூனிக்கு வெளிக்கிட்டுப் போறம். நீ ஆறுதலா எழும்பிப் பத்து மணிக்கு வா.

புட்டும் முட்டைப்பொரியலும் அடுப்படியிலை மூடி வைச்சிருக்கிறன். சாப்பிடாமல் வெளிக்கிடாதை.

பெற்றோருக்கும் ஒரு வகுப்பு இருக்காம், பிள்ளையளைத் தனிய விட்டுப் பழகிறதைப் பற்றி. அப்பா கொப்பியும் பேனையும் எடுத்து வைச்சிட்டார்.

அம்மா

பிறகுதான் ஞாபகம் வந்தது: நீ துலைச்சுப்போடுவாய் எண்டு உன்ரை பாஸ்போட்டையும் யூனி அனுமதிக் கடிதத்தையும் என்ரை ஹாண்ட்பாக்குக்குள்ளை வைச்சிட்டன். அதுகள் இல்லாமல் உன்னை உள்ளை விடமாட்டினம். யூனி வாசலிலை நிப்பம். வாங்கிக்கொண்டு போ, எங்களைத் தெரிஞ்சமாதிரிக் காட்டத் தேவையில்லை.