அப்பாவுக்கு என்ன ஷிப்ட்?

ஜூன் 16, திங்கள்

அவருக்கு மைன்ஸில் இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். வந்ததும் வராததுமாய் பண்ருட்டிப் பலாவை அறுக்க உட்கார்ந்து, ஹால் முழுக்கப் பால் பிசுக்கு. இளவேனில் ஒரு சுளைகூட எடுக்காமல் என் போனில் விளையாடுகிறாள். எட்டாம் வகுப்பு போயாச்சு, இன்னும் யாரையோ சுட்டுச் சிரித்துக்கொண்டு!

யாரோடடி என்றேன். "ரித்திகா அக்கா. நேர்ல பார்த்ததில்ல. நம்ம டவுன்ஷிப்தான்மா."

டவுன்ஷிப் பெண்தானே, அப்பாடா. வெளியூர் என்றால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன்.

ஜூன் 18, புதன்

எட்டிப் பார்த்தேன். "அப்பாவுக்கு என்ன ஷிப்ட்?" என்று அந்த ரித்திகா கேட்டிருந்தாள். இளவேனில் பதில் போடாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். "கேட்டா சொல்ல மாட்டியா? அடுத்த வாரம் நைட்டுன்னு போடு" என்றேன். இந்த ஊரில் யார்தான் அதைக் கேட்பதில்லை? கீரைக்காரம்மாகூடக் கேட்கிறாள். மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்க்கிறாள். என்னவாம் இவளுக்கு?

ஜூன் 23, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

சாயங்காலம் அவருக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். இளவேனில் பின்னால் வந்து நின்றாள். "அப்பாவ இன்னிக்கு நைட்டு போக வேணாம்னு சொல்லும்மா." ஏன் என்றால் அழுகை. அப்புறம் போனை நீட்டினாள்.

அந்த ரித்திகாவின் மெசேஜ். அப்பா போனதும் ரூமைச் சாத்திக்கிட்டு வீடியோ காலில் வரணுமாம். வராவிட்டால் இவள் அனுப்பிய போட்டோவை அசிங்கமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புமாம். கடைசியில், "அம்மாகிட்ட சொன்னா உன்னைத்தான் அடிப்பாங்க."

அதைப் படிக்கும்போதே என் கை ஓங்கியிருந்தது.

"ஷிப்ட்ட நீதானம்மா சொல்லச் சொன்னே" என்றாள். கை தானாக இறங்கிவிட்டது.

அக்காவாம், அக்கா! ஆணா பெண்ணா, எந்த ஊர் நாய் அது? வீட்டில் ஆம்பளை இல்லாத நேரத்தை அதற்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேனே, பாவி!

அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. "போனை உடைச்சிப் போடு!" என்று குதிக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தேவலை என்று எனக்கும் இருக்கிறது. அழித்தால் நின்றுவிடுமா? தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. பொற்கொடி என்று ஒரு அம்மா. "நல்லவேளை, எதையும் அழிக்கல. அந்த ஆளுக்குப் பதில் போடாதீங்க" என்று சொல்லி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டப்போவதாகச் சொன்னார். "பூட்டுங்க சார். அடுத்த தடவை பாப்பா உங்ககிட்ட வராது. இப்ப வந்து சொல்லுச்சு பாருங்க, அதனாலதான் தப்பிச்சுது."



வீட்டுப் பாடம் போனில்தான் வருகிறது. கொடுக்கவா, வேண்டாமா? பக்கத்திலேயே இரு என்கிறார்கள். அன்றைக்குப் பக்கத்தில்தானே இருந்தேன்? இருந்து என்ன கிழித்தேன்?

ஜூன் 30, திங்கள்

போன் இனி ஹாலில் மட்டும். தெரியாத ஆள் பேச முடியாதபடி விளையாட்டில் மாற்றி வைக்கலாமாம், இளவேனிலே செய்து காட்டினாள். நானும் ஆடிப் பார்த்தேன். உள்ளே போனதுமே செத்துவிட்டேன். "ஐயோ அம்மா!" என்று சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாச்சு.

ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லை. பால் பூத்தில் யார் நின்றாலும் இவனாக இருக்குமோ என்று பார்க்கிறேன். எல்லோரும் தெரிந்த முகம். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

சாயங்காலம் இளவேனிலோடு காய் வாங்கப் போனேன். சிங்காரவேல் அண்ணன் எதிரே வந்தார். எங்கள் வீட்டுக்காரரோடு மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தங்கமான மனுஷன்.

"இன்னாம்மா, காய் வாங்கிகினு போறீங்களா? சிவசங்கருக்கு இந்த வாரம் இன்னா ஷிப்ட்டு?"

செகண்ட் ஷிப்ட் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இளவேனில் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"அப்பா வீட்லதான் இருக்காரு, அங்கிள்."

போயும் போயும் இவரிடமா பொய்? எனக்குக் கூசிப்போயிற்று. இப்படியே எல்லோரையும் சந்தேகப்பட்டு வளர்வாளா இவள்? சரியா தப்பா, சத்தியமாகத் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, வீட்லதான் இருக்காரு" என்றேன்.