முழங்கால் நுழையாத மேசை

பிப்ரவரி 4
அன்புள்ள அப்பாவுக்கு,
எல்லோரும் நலம். போனில் பேசினால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, எனக்குப் படிக்க இடமில்லை. கூடத்தில் டிவி. படுக்கையறையில் அம்மாவின் தையல் மெஷின். மாடிப்படியில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் "என்ன, படிக்கிறியா?" என்று கேட்டு நிற்கிறார்கள். புத்தகத்தோடு குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை ஊருக்கு வருவீர்களா?
வாலு

பிப்ரவரி 15
என் செல்ல வாலுவுக்கு,
இந்த ஊரிலுள்ள ஆபீஸுக்கெல்லாம் மேசை செய்கிற தச்சன், மகளுக்குச் செய்ய மாட்டேனா? அனுப்பி வைக்கிறேன். மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, படுக்கையறை ஜன்னலோரம் போடு. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. முகம் சுவரைப் பார்க்கட்டும். தெருவைப் பார்த்தால் நீ படித்த மாதிரிதான். வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம், வேலை கழுத்தை நெரிக்கிறது.
அப்பா

மார்ச் 9
அன்புள்ள அப்பாவுக்கு,
மேசை வந்தது. இழைப்பு அவ்வளவு வழவழப்பு, பக்கத்து வீட்டார்கூடத் தடவிப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னபடியே போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் உள்ளே போகவில்லை. அம்மா முதலில் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். செங்கல் வைத்து உயர்த்தினேன், எழுதினால் ஆடுகிறது. எந்த அளவில் செய்தீர்கள் அப்பா? நான் இப்போது அம்மாவைவிட உயரம்.
வாலு

மார்ச் 20
வாலு,
தப்பு என்னுடையதுதான். நான் வேலைக்காக இங்கே கிளம்பிய அன்று நீ என் இடுப்பு வரைக்கும் இருந்தாய். வளர்ந்திருப்பாய் என்று கொஞ்சம் கூட்டித்தான் வைத்தேன். போனில் உன் முகம் மட்டும்தானே தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் உயரத்தையும் முழங்கை உயரத்தையும் அளந்து உடனே எழுது. வேறு மேசை செய்து அனுப்புகிறேன்.
அப்பா

மார்ச் 28
அப்பா,
எழுத மாட்டேன். வாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு பொருள்தான் வருகிறது. அன்றைக்கு சைக்கிள், அப்புறம் கடிகாரம், இப்போது மேசை. எனக்குக் கோபமாக இருக்கிறது, உங்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. தேர்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தரையில் உட்கார்ந்தே படித்துவிடுவேன். அளவு வேண்டுமென்றால் நீங்களே வந்து எடுங்கள். நான் நிமிர்ந்து நிற்கிறேன்.
உங்கள் மகள்