கோமு மாமியின் யெஸ்டி

ஜூன் 10, செவ்வாய்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் இன்டர்நெட் கனெக்‌ஷனைக் கழற்றப் போனேன். முழுசாகக் கழற்றினேனா என்று ஞாபகம் இல்லை. பின்கட்டில் ஒரு பழைய யெஸ்டி பைக் நிற்கிறது.

வீட்டுக்காரர் கோமு மாமி. பேங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கித் தனியாக இருக்கிறார். அடுத்த மாசம் இருபதாம் தேதி மகன் ஸ்ரீராகவ் வந்து பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போகிறாராம். வண்டி மாமாவுடையதா என்று கேட்டேன். “மாமாவுக்கு சைக்கிளே நேரா ஓட்ட வராது” என்றார். 1991-இல் இவரே வாங்கியது. சுடிதாரில் இதை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டி அம்பாசமுத்திரம் போய், பேங்க்கில் புடவை மாற்றிக்கொள்வாராம். மகன் பிறந்தபோது ஓரம்கட்டியது. இருபத்தெட்டு வருஷம். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம், குங்குமம். ஹெட்லைட்டில் அது விரல் கனத்துக்கு ஏறிக் கிடக்கிறது.

கிக்கரைத் தேடினேன். இல்லை. மாமி சிரித்தார். கியர் லிவரையே உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுதான் கிக்கராம். “இதுகூடத் தெரியாம வெலைக்குக் கேக்க வந்துட்டியாக்கும்.”

நான் அதுவரை கேட்கவே இல்லை. அப்புறம்தான் கேட்டேன்.

ஜூன் 12

மாமியின் கண்டிஷன்: “பணம் பெரிசில்லை. நான் கெளம்பறதுக்குள்ள ஓட்டிண்டு வந்து வாசல்ல நிறுத்து. கையெழுத்துப் போட்டுத் தரேன், வண்டி ஒன்னோடது. முடியலேன்னா பழைய இரும்புக்காரன் எடுத்துண்டு போகட்டும். இன்னொரு வீட்லயும் போய் அது பொணமா நிக்க வேண்டாம்.”

சரி என்றேன். முப்பத்தெட்டு நாள்.

ஜூன் 13

குட்டியானையில் ஏற்றிப் பத்தமடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உம்மா வாசலிலேயே நிறுத்தினாள். “ஏலே, இன்ஜினியரிங்கைப் பாதில விட்ட. கேட்டரிங்கைப் பாதில விட்ட. மதரசாவுக்கு ஓதப் போனதையும் பாதில விட்ட. இப்ப பாதி வண்டியைக் கொண்டாந்து நிறுத்துத.”

“முழு வண்டிதாம்மா. பாதி கழண்டு சாக்குல கெடக்கு.”

உம்மா சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிகிறது.

ஜூன் 19

டேங்க்குக்குள் துரு செதில் செதிலாக நிற்கிறது. புளியைக் கரைத்து ஊற்றி வை, விட்டுவிடும் என்றான் ஷிபின். காலேஜில் என்னோடு படித்தவன், அவன் முடித்தான். அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், அவன் அப்பாவோடு லேத் பட்டறையைப் பார்க்கிறான்.

உம்மாவின் வருஷப் புளியில் பாதி டேங்க்குக்குள் போய்விட்டது. மத்தியானம் புளியாணம் இல்லை. ஏச்சு மட்டும்.

ஜூன் 27

கார்புரேட்டர் முடிந்தது. வயரிங் மாற்றியாச்சு. கியர் பாக்ஸ் மூடி என்று தெரியாமலே ஒரு மூடியைத் திறந்து புது ஆயில் ஊற்றியாச்சு — இதை நான் பின்னால்தான் இங்கே எழுதிச் சேர்க்கிறேன். அன்றைக்கு எழுதியது “இன்ஜின் ஆயில் மாத்தியாச்சு” என்றுதான். அடித்திருக்கிறேன், பார்.

ஹெட்லைட் பாக்கி. மாமிக்குப் போன் போட்டேன். சந்தனத்தைச் சுரண்டலாமா?

“இருபத்தெட்டு ஆயுத பூஜைடா” என்றார். பிறகு, “வெளிச்சம் வரணும்னா சுரண்டத்தானே வேணும்.”

சுரண்டினேன். கீழ் விளிம்பில் மட்டும் ஒரு கோடு விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 6

இன்றும் கிளம்பவில்லை. கணுக்கால் வீங்கிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

ஓடிவிட்டது.

பதினோரு மணிக்கு ஒரு கிக்கில் இருமியது. அடுத்த கிக்கில் பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரும் சேர்ந்து அடித்ததில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சுவர் ஏறிவிட்டது. உம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். “அல்லாவே, நெசமாவே ஓடுதாலே” என்று முந்தானையால் புகையை விசிறினாள். இன்ஜின் சூட்டில் கையை வைத்துப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

மாமிக்குப் போன். ஒரே கேள்விதான் கேட்டார். “எண்ணெய் விட்டியோன்னோ?”

“விட்டாச்சு மாமி.”

நாளைக்கே கொண்டுபோகிறேன்.

ஜூலை 11

செத்துட்டு.

வீரவநல்லூர் தாண்டி ஒரு கிலோமீட்டர். கீச்சுன்னு ஒரு சத்தம், பின்சக்கரம் பூட்டிக்கிட்டு. உருண்டேன். முழங்கையில தோல் இல்ல. லிவரை மிதிச்சா கல்லை மிதிச்ச மாதிரி இருக்கு.

ஷிபின் குட்டியானை கொண்டுவந்து பட்டறைக்கு எடுத்துட்டுப் போனான். சிலிண்டரைக் கழட்டிப் பாத்துட்டு, “லே, பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?”

“அதுல எதுக்குக் கலக்கணும்? அதான் கீழ ஊத்தியாச்சே.”

“கீழ ஊத்துனது கியருக்குலே. இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோட சேந்துதான் ஆயில் உள்ள போகும். இல்லாம பிஸ்டன் எதுல வழுக்கும், ஒன் எச்சிலயா?”

நாம ஓட்டுன வண்டி எதுலயாவது பெட்ரோல்ல ஆயில் கலந்திருக்கோமா? யாரு சொன்னா எனக்கு? மாமி கேட்டாவளே — எண்ணெய் விட்டியான்னு. அவுங்க கேட்டது அந்த எண்ணெய். நான் சொன்னது இந்த எண்ணெய்.

ஒம்பது நாள்தான் இருக்கு. புது பிஸ்டன் கோயம்புத்தூர்லேந்து வரணும், சிலிண்டரைக் கடையணும், மூணு வாரம் ஆகுங்கான் ஷிபின். விட்டுரலாமா? விடுறது எனக்கு நல்லா வரும்.

ஜூலை 13

நேரில் போய்ச் சொன்னேன். மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “அரிசியைப் பானைல போட்டுட்டுத் தண்ணியை அடுப்புல விட்ட கதையா இருக்கேடா.”

“இரும்புக்காரருக்கே போன் போட்ருங்க மாமி” என்றேன்.

போன்தான் போட்டார். மகனுக்கு. “ராகவா, இருபதாம் தேதி வராதே. ஆடி பொறந்துடறது. ஆடில யாராவது வீட்டைக் காலி பண்ணிண்டு போவாளா? ... லீவை மாத்திக்கோ. ஆவணில வா.”

வைத்துவிட்டார்.

“மாமி, நீங்க இதெல்லாம் பாப்பியளா?”

“இந்த வண்டியை டெலிவரி எடுத்ததே ஆடி வெள்ளிக்கெழமை, ராகு காலத்துல. ஷோரூம்காரன் வேண்டாம் வேண்டாம்னான். நீ போய் வேலையைப் பாரு.”

பஸ்ஸில் வரும்போது சும்மா சும்மா சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டு ஆள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 4

பிஸ்டன் வந்துவிட்டது. சின்ன டப்பா. பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 9

உம்மாவின் இருமல் மருந்து மூடியில் ஆயிலை அளந்து பெட்ரோலில் கலந்தேன். “மருந்தை ஒரு நாளாவது இப்படி அளந்து குடிச்சிருக்கியாலே” என்றாள்.

சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினேன். புது பிஸ்டன் பழக வேண்டும், அதனால் நாற்பதுக்கு மேல் முறுக்கவில்லை. மாட்டு வண்டி என்னை முந்தாததுதான் பாக்கி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. ஸ்ரீராகவ் கார் மாமி வீட்டு வாசலில். அவர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலை கிளம்புகிறார்கள்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அணைக்கவில்லை. மாமி வந்து ஒரு சுற்று சுற்றினார். ஹெட்லைட்டின் கீழ் விளிம்பைப் பார்த்தார். அங்கே மிச்சமிருந்த சந்தனக் கோட்டை விரலால் தொட்டார். உள்ளே போய் சுடிதாரில் வந்தார்.

“எறங்கு.”

“பின்னால ஒக்காருங்க மாமி, பைய ஓட்டுதேன்.”

“எறங்குன்னேன்.”

“அம்மா, அறுபது வயசாறது” என்றார் ஸ்ரீராகவ்.

“அம்பத்தொம்பது.”

போய்விட்டார். தெருமுனையில் காலைத் தரையில் தேய்த்தார், அவ்வளவுதான்.

ஸ்ரீராகவும் நானும் நின்றோம். “அம்மா ஓட்டி நான் பார்த்ததே இல்லை” என்றார். “எப்பவும் அது மேல வத்தல் காயும்.” பத்து நிமிஷம். இருபது. முப்பதில் அவர் கார் சாவியை எடுத்தார். ஆயில் சரியாகத்தானே கலந்தேன்?

அப்புறம் அந்தச் சத்தம். முடியெல்லாம் கலைந்து, முகம் சிவந்து வந்தார். ஹேண்டிலில் ஒரு பை தொங்கியது. அம்பை மார்க்கெட். இரண்டு கிலோ கத்திரிக்காய், மூட்டை மாதிரி கீரை, முழுப் பூசணி ஒன்று.

ஸ்ரீராகவ் பையைப் பார்த்தார். நான் பார்த்தேன். நாளைக்கு ஊரைக் காலி பண்ணுகிறவர் பூசணிக்காய் வாங்குவாரா?

“பேர் மாத்தற ஃபாரம் கொண்டுவந்தியோ? குடு, கையெழுத்துப் போடறேன். சொன்னா சொன்னதுதான்” என்றார் மாமி. வலது கையை நீட்டினார். இடது கை கிளட்ச்சை விடவில்லை.

ஃபாரம் சட்டைப் பையில் இருந்தது.

“மறந்துட்டேன் மாமி.”

ஏன்லே அப்படிச் சொன்ன? ரெண்டு மாசம்லே. கை, கால், புளி எல்லாம் போயிருக்கு. சொல்லிட்டேன், போ.

பஸ்ஸில் வந்தேன். “வண்டி எங்கலே?” என்றாள் உம்மா. சொன்னேன். “ஆயுசுல மொத தடவையா ஒண்ணை முடிச்ச. அதையும் குடுத்துட்டு வந்து நிக்க.” ஏசவில்லை. சோறு போடும்போது மீன் துண்டு இரண்டு கூட வைத்தாள்.

ஆகஸ்ட் 18

ஸ்ரீராகவ் தனியாகத்தான் பெங்களூர் போகிறார். போகிற வழியிலிருந்து போன் பண்ணினார். “லிட்டருக்கு எவ்வளவு ஆயில்னு எனக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பு. அம்மா மறந்தா நான் ஞாபகப்படுத்தணும்.”

அனுப்பினேன். கீழே தடித்த எழுத்தில்: பெட்ரோலில்.

செப்டம்பர் 6, சனி

காலை ஆறரைக்கு மாமி போன். “ரெண்டாம் கியர் விழ மாட்டேங்கறது. மத்தியானத்துக்குள்ள வா. நான் மூணு மணிக்குப் பாபநாசம் போகணும்.”

“வாரேன் மாமி.”

ஸ்பேனர் பையோடு ஏழே கால் பஸ்ஸைப் பிடித்தேன். சீட் காலியாக இருந்தும் கல்லிடைக்குறிச்சி வரை நின்றுகொண்டுதான் போனேன்.