கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அண்ணே,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ கொடுத்துவிட்டுப் போன ரத்தத்தை நேற்று நானே பரிசோதித்தேன். இந்நேரம் ஹெபடைட்டிஸ் சி கிருமி போயிருக்க வேண்டும். போகவில்லை. மிஷின்மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டேன். அதே முடிவு.

போதை ஊசியை நிறுத்த நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, கூடவே கல்லீரலுக்கு ஒரு மாத்திரை. யாரும் நடுவில் விட்டுவிடக் கூடாதென்றுதான் இரண்டையும் எங்கள் போதை மீட்பு சென்டரில் ஒரே ஜன்னலில் தருகிறோம். நீயோ கல்லீரல் மாத்திரையை ஒருநாள் விழுங்கி, மறுநாள் கன்னத்தில் ஒதுக்கி, வெளியே நிற்கும் உன் கூட்டாளி ஜெரால்டிடம் துப்பிக் கொடுத்திருக்கிறாய். ஊசியைப் பங்கு போட்ட மாதிரியே மருந்தையும்.

அவனே சொன்னான். "நாகல் நகர்ல பொண்ணு பாத்திருக்காக அப்பு. சென்டர் வாசல மிதிச்சா கல்யாணம் நின்னுரும்ல. உங்கண்ணன்தான், விடுறா, ஆளுக்குப் பாதின்னான்."

பாதி மருந்து யாரையும் குணமாக்காது. உள்ளே வந்திருந்தால் அவனுக்கும் முழுசாகவே கொடுத்திருப்போம்.

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண் மஞ்சள், வயிறு உப்பிவிட்டது. டாக்டர் அவன் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

உனக்கு வேறு மருந்து இருக்கிறது. ஆனால் ஒரு வாரமாக நீ சென்டர் பக்கமே வரவில்லை. எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் பதில் எனக்கே தெரியும். காலையில் வந்து சேர்.

அவனைப் பார்த்துவிட்டு நான் கிளம்பும்போது ஜெரால்டு கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு என் முறை அப்பு. உங்கண்ணன் மாத்திரை கொண்டு வாரானா?"

வாரான் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி