அந்த மெசேஜ் நீ சொன்னதுதானா?

அம்மாவுக்கு,

முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன். கடைக்கு ரிப்பேருக்கு வந்த உடைஞ்ச போனைக் கழட்டும்போது கண்ணாடி விரலைக் கீறிடுச்சு, கொசுக்கடி மாதிரிதான், பயப்படாதே.

போன் இருக்க ஏன்டா லெட்டர்னு கேப்ப. மெசேஜ் போட்டா முதல்ல பாப்பா கண்ணுலதான் படும். உனக்கு டைப் அடிக்க வராது, நீ சொல்ல அவதானே அடிக்கிறா, என் தங்கச்சி? "பாப்பாவுக்குப் படிக்கத் தனி போன் வேணும், உடனே அனுப்பு"ன்னு உன் பேர்ல வந்துச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல. மூணு வாரமா உன் மெசேஜ் ஒண்ணுலயும் "சாப்டியா"ங்கிற வார்த்தையே இல்லம்மா.

நேத்து நம்ம பாப்பா வயசுப் பொண்ணு ஒருத்தி ரிப்பேருக்குக் கொடுத்த போனை அவ முன்னாடியே ஆன் பண்ணேன். எவனோ முன்னபின்ன தெரியாதவன் அனுப்பின மெசேஜா வந்து கொட்டுச்சு. "அண்ணா, எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க"ன்னு கெஞ்சினா. வெளிய நின்ன அவங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு டிமிக்கி கொடுத்தவன்ம்மா நான். எனக்குத் தெரியாத பொய்யா? பதிமூணு வயசுக்குத் தனி போன் வேண்டாம். பாப்பாவை அடிக்காதே, பக்கத்துல உக்காந்து உன் போன்ல அவ என்ன பாக்கிறான்னு பாரு.

என் பழைய போர்வையை அனுப்பு, இங்க வாங்கினது உடம்பெல்லாம் குத்துது. ஞாயித்துக்கிழமை நீயே கூப்பிட்டு, உன் வாயால "சாப்டியா"ன்னு கேளு. கடை திறக்க நேரமாச்சு.

உன் மூத்தவன்