அயான் வைத்த நேரம்

அன்பு மகள் ஸோயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். ஓசூரிலும் இந்தத் தடவை பனி ஜாஸ்தி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, மாத்திரையை நீட்டினால் நாளைக்கு என்கிறாள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் என் தார்ப்பாய் வியாபாரம் ஏதோ ஓடுகிறது. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி அயானின் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அசெம்பிள் பண்ணச் சொன்னாய். இருப்பதிலேயே எதையாவது மாற்றினால் போதாதா என்று நான் முரண்டு பிடித்தேன், அத்தாவுக்குக் கஞ்சத்தனம் என்று சிரித்தாய். கஞ்சத்தனம் இல்லை தாயே. போன ரமளானில் நாங்கள் சஹர் சாப்பாட்டுக்கு எழாமல் தூங்கிவிடுகிறோம் என்று அயான் அந்தப் பெட்டி தானாக ஆன் ஆகிற மாதிரி நேரம் வைத்தான். ஆனதும் அவன் குரலே, அத்தா, அம்மா, எந்திரிங்க, நேரமாச்சு என்று கூப்பிடும். பெருநாள் முடிந்தும் அவன் அதை எடுக்கவில்லை. அப்புறம்தான் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்தவன் வீடு வந்து சேரவில்லை. அடக்கம் பண்ணிய மறுநாள் விடியலில் அந்தக் குரல் கூப்பிட்டது. உன் அம்மா, எந்திரிச்சிட்டேன்பா என்று சொல்லிவிட்டு தொழுகைக்கு உளூ செய்யப் போனாள். அன்றிலிருந்து தினமும் இதுதான். நான் பாழாய்ப்போன பெட்டி என்று திட்டுவேன், ஆனால் அது கூப்பிடுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

பிறகு பெட்டி திணற ஆரம்பித்தது. ஒருநாள் குரல், அத்தா, அம்மா என்பதோடு நின்றுவிட்டது, அன்று உன் அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹரீஷ்குமாரைக் கூட்டி வந்தேன். அவனும் உன்னை மாதிரியே, கம்பெனிப் பெட்டி சார், இதுல வேற பார்ட்ஸ் பெருசா எதுவும் சேராது, புதுசா கட்டிடலாம் என்றான். அயானுடையது ஒன்று விடாமல் வரவேண்டும் என்றேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி, எல்லாவற்றையும் புதுப் பெட்டியில் ஒரு புது டிஸ்க்கில் இறக்கிக் கொடுத்தான், படம், பாட்டு, அந்தக் குரல்கூட வந்தது. மறுநாள் விடியலில் புதுப் பெட்டி கம்மென்று இருந்தது. நான் பிளக்கைப் பிடுங்காமல் மூலையில் விட்டிருந்த பழைய பெட்டி மட்டும் தானாக எழுந்து, உள்ளே டிஸ்க் இல்லாமல், வெறும் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. உன் அம்மா அதில் காதை வைத்து, சொல்லுப்பா, சொல்லுப்பா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யா அல்லாஹ், அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

பெட்டி ஆன் ஆகிற நேரம் டிஸ்க்கில் இல்லையாம், பழைய பெட்டியின் போர்டில் இருக்கிறதாம். புதியதிலும் அதே நேரத்தை வைத்துத் தருகிறேன் என்றான் ஹரீஷ்குமார். அது நீ வெக்கிற நேரம், அவன் வெச்சது இல்ல என்றாள் உன் அம்மா. கடைசியில் புது டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே மாட்டினோம், அது மட்டும் சேர்ந்தது. மறுநாள் அயான் கூப்பிட்டான், குரல் முழுசாக வந்தது. ஆனால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி போகிற நிலையாம், இனி ஒரு தடவை கரண்ட் நின்றால் பெட்டி நேரத்தை மறந்துவிடுமாம். அதற்கென்று ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். மழை இருட்டினால் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மன அமைதியும் தரட்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். ரமளானுக்கு வரும்போது உனக்குப் படுக்கை பெட்டி இருக்கும் அந்த அறையில்தான். விடியலில் குரல் கேட்டால் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடாதே. அவன் உன் பெயரைச் சொல்ல மாட்டான், நீ வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. இருந்தாலும், எந்திரிச்சிட்டேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

துஆவுடன் உன் அத்தா,
கௌஸ் மொய்தீன்